காட்டு வள்ளி என்று நினைத்து நான் அவித்த கிழங்கு

கட்டுநாயக்கவில் கார்மண்ட் வேலை போய் நான் ஊருக்குத் திரும்பியது 2022 மே மாதம். ஊர் என்றால் இலங்கை மலையகத்தில், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா இறந்து இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த லயக் காம்பராவை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் எங்கள் அறையைத் திறந்து, ஒட்டடை அடித்து, தனியாகக் குடியேறினேன். தோட்டத்தில் எனக்குப் பதிவு இல்லை. கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தால் அப்போது நாளுக்கு 700, 750 ரூபாய் கிடைக்கும், அதுவும் கொழுந்து இருக்கிற நாளில். அந்த நேரம் நாடு எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பெட்ரோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது, கேஸ் கிடையாது, அரிசி விலையைக் கேட்கவே பயமாக இருக்கும். ஜூலையில் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சோறு. மற்ற வேளைக்கு ரொட்டி, இல்லாவிட்டால் வெறும் தேத்தண்ணீர்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் விறகு பொறுக்கப் போனேன். ஓடைக்கு மேலே மானாப்புல் சரிவில் ஓர் உண்ணிப் புதர். அதன்மேல் காய்ந்துபோன கொடி ஒன்று படர்ந்திருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதே மாதிரி வெயில் காலத்தில் அம்மா காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டிக்கொண்டு வருவார். அவித்துத் தோலை உரித்தால் மாவாக உதிரும். எனக்கு நினைவிருந்தது அவ்வளவுதான்: கொடி காய்ந்திருக்கும், அடியில் தோண்டினால் கிழங்கு இருக்கும். அது என்ன கொடி, இலை எப்படி, அம்மா எதைப் பார்த்து அடையாளம் கண்டார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. போனில் செடியின் பெயர் சொல்லும் ஒரு செயலி இருந்தது. காய்ந்த கொடியைப் படம் எடுத்துப் போட்டேன். ஐந்து பெயர் காட்டியது. மூன்றாவதாக வந்த படத்தில் வள்ளிக்கிழங்குக் கொடி இருந்தது. எனக்கு வேண்டிய பதில் அதுதான், அதனால் அதை மட்டும்தான் பார்த்தேன். ஓடிப்போய் அலவாங்கை எடுத்து வந்து தோண்டினேன். விரல் தடிமனில், நடுவில் மடிந்து இரண்டு பக்கமும் நீண்ட கிழங்கு வந்தது. மண்ணைத் தட்டி மடியில் கட்டிக்கொண்டபோது அம்மாவே கொடுத்துவிட்டுப் போனதுபோல் சந்தோஷமாக இருந்தது.

உப்புப் போட்டு அவித்தேன். ஏழு மணிபோலக் கட்டச் சம்பலோடு சாப்பிட உட்கார்ந்தேன். கசந்தது. காட்டுக் கிழங்கு கொஞ்சம் கசக்கத்தான் செய்யும் என்று சம்பலைக் கூடத் தொட்டு இரண்டு துண்டு விழுங்கினேன். மூன்றாவதை வாயில் வைத்துவிட்டுத் துப்பினேன். நான் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அந்தக் கசப்புத்தான் என்று பிறகு டொக்டர் சொன்னார். அதனால் இதை முதலில் எழுதிவிடுகிறேன். தெரியாத கிழங்கோ கீரையோ நாக்கில் கசந்தால், எரிந்தால், அரித்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பசியில் சம்பலைக் கூட்டிக் கசப்பை மறைக்காதீர்கள். அதேநேரம் கசக்கவில்லை என்பதால் நல்லது என்றும் ஆகிவிடாது. இனிக்கும் நஞ்சுப் பழங்களும் இருக்கின்றன.

பதினொரு மணிக்கு வாந்தி தொடங்கியது. இடையில் நான்கு மணி நேரம் ஒன்றுமே இல்லாததால் எனக்குக் கிழங்கின்மேல் சந்தேகம் வரவில்லை. அப்புறம் வயிற்றுப்போக்கு. தண்ணீராகப் போனது, நிற்கவே இல்லை. கக்கூசு லயத்துக்கு வெளியே, பத்துப் படி இறங்கிப் போக வேண்டும். நாலாவது தடவைக்குப் பிறகு என்னால் நடந்து திரும்ப முடியவில்லை. படியில் கையூன்றித் தவழ்ந்து வந்து இஸ்தோப்புத் திண்ணையில் படுத்துக்கொண்டேன். லயத்துச் சுவர் எவ்வளவு மெல்லியது என்று லயத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். அடுத்த காம்பராப் பெரியம்மா இருமுவதும் பாயில் புரள்வதும் தெளிவாகக் கேட்டது. ஒரு தட்டுத் தட்டியிருந்தால் எழும்பி வந்திருப்பார். தட்டவில்லை. சாப்பிட வழியில்லாமல் காட்டில் தோண்டித் தின்றேன் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்ற வெட்கம். விடியும்வரை தனியாகக் கிடந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பயம் எனக்கு எப்போதும் வந்ததில்லை.

விடிந்ததும் பெரியம்மாவே பார்த்துவிட்டு அலறினார். தோட்டத்துப் பையன் ஒருவர் ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பெட்ரோல் கிடைக்காத காலம், 3,500 ரூபாய் ஆனது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. இந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். மண்டை வேலை செய்யாத நேரத்துக்கு எழுத்து உதவும்.

ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டபோது நான் மரவள்ளி என்று சொன்னேன். இதைச் சொல்ல இன்றும் எனக்குக் கூசுகிறது. ஆனால் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பொய்தான் எனக்குப் பெரிய கேட்டைச் செய்தது. மரவள்ளியில் இருக்கிற நஞ்சு வேறு, அதன் வேகம் வேறு, அதற்குச் செய்கிற வைத்தியமும் வேறு. அவர்கள் அதை வைத்தே யோசித்தார்கள். சேலைன் ஏற்றினார்கள், பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம்வரை நேரம் அப்படியே போனது.

பெரியம்மா லயத்தில் என் அடுப்படியைக் கூட்டப் போயிருக்கிறார். சட்டியில் மீதியும், பக்கத்தில் அவிக்காத ஒரு கிழங்கும் கிடந்திருக்கின்றன. பார்த்த உடனே அதைப் பையில் போட்டு, முந்தானையில் மறைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். வார்ட்டில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டார்: "புள்ள, இதயா தின்ன? இது வள்ளி இல்ல. கலப்பக் கிழங்கு. பாரு, ஏர்க் கலப்ப மாதிரியே வளஞ்சிருக்கு. எங்க காலத்துல புள்ளைங்கள இந்தக் கொடிப் பக்கமே விடமாட்டாங்க." நான் அழுதுகொண்டே ஆம் என்று தலையாட்டினேன். நர்ஸ் மிஸ்ஸுக்குத் தமிழ் சரியாக வராது. கலப்பைக் கிழங்கு, காந்தள், கார்த்திகைப் பூ என்று பெரியம்மா தமிழில் எந்தப் பெயரைச் சொன்னாலும் அவருக்குப் புரியவில்லை. பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மா கிழங்கை எட்டிப் பார்த்து, "நியங்கலா" என்றார். அந்த ஒரு சொல்லில் வார்டே மாறிவிட்டது. மிஸ் ஓடினார், டொக்டர் வந்தார், கரித்தூள் கலந்த கறுப்புத் தண்ணீர் குடிக்க வைத்தார்கள், அன்று மாலையே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து எந்தச் செடிக்கும் ஒரு பெயரோடு நான் நிறுத்துவதில்லை. மலையகத்தில் இருக்கிற நமக்கு மூன்று பெயர் வேண்டும். நம் பெரியவர்களிடம் கேட்கத் தமிழ்ப் பெயர். ஆஸ்பத்திரியிலும் சந்தையிலும் சொல்லச் சிங்களப் பெயர். தேடிப் படிக்கவும், இரண்டு பேர் பேசுவது ஒரே செடியைத்தானா என்று உறுதிப்படுத்தவும் அறிவியல் பெயர். நான் தின்றது தமிழில் செங்காந்தள், கார்த்திகைப் பூ, கலப்பைக் கிழங்கு, சிங்களத்தில் நியங்கலா, அறிவியலில் குளோரியோசா சுபெர்பா. இன்னொன்று, யாராவது தெரியாத செடியைத் தின்றுவிட்டால் மீதியைக் கழுவி ஊற்றாதீர்கள். தோல், இலை, சட்டியில் ஒட்டியது எதுவாக இருந்தாலும் ஒரு பையில் போட்டு நோயாளியோடே அனுப்புங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது, டொக்டர்மார் அங்கே கேட்பார்கள். ஆனால் அவர்கள் கேட்பதற்கு நாம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் கிழங்கில் இருப்பது கொல்கிசின். கவுட் என்கிற மூட்டு நோய்க்கு இதையே மிகச் சிறிய அளவில் மாத்திரையாகக் கொடுக்கிறார்களாம். அவித்தாலும் அது போகாது. உடம்பில் எது வேகமாகப் புதுப்பிக்கப்படுகிறதோ அதை முதலில் அடிக்கும் என்று டொக்டர் விளக்கினார். குடலின் உள்தோல், எலும்புக்குள் இரத்தம் ஊறுகிற இடம், தலைமயிர். வாந்தியும் வயிற்றுப்போக்கும் மூன்றாம் நாள் நின்றபோது தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் இரத்தத்தில் வெள்ளை அணு இறங்கத் தொடங்கியது. தினமும் குத்தி எடுத்தார்கள். எட்டாம் நாள் அது ஏறத் தொடங்கியதும் ஒன்பதாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். பன்னிரண்டாம் நாள் காலையில் தலை வாரினேன், சீப்போடு ஒரு கொத்து வந்தது. ஒரு கிழமைக்குள் தலையில் அங்கங்கே நாலு மயிர்தான் மிச்சம். அம்மா ஆசையாக வளர்த்துவிட்ட தலைமயிர். அதை ஒரு பேப்பரில் சுற்றி வைத்துக்கொண்டு அழுதேன். உயிர் தப்பியதை நினைத்துக்கூட அப்படி அழவில்லை. திரும்ப முளைக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆனது.

கணக்கையும் சொல்கிறேன். அரச ஆஸ்பத்திரியில் காசு எடுக்கவில்லை. ஆட்டோவுக்குப் போகவர 9,500. வெளியே எடுத்த இரத்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் 6,200. ஏழு கிழமை கொழுந்து எடுக்க மலைக்குப் போகவில்லை, அதில் கிட்டத்தட்ட 26,000. ஆக 41,700 ரூபாய். அம்மாவின் தோட்டை 30,000க்கு அடகு வைத்தேன், மீட்க 14 மாதம் பிடித்தது.

வீட்டில் படுத்திருந்த நாட்களில் போனைத் திறந்து, அன்று எடுத்த படத்தைப் பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் காய்ந்த இலை ஒன்றின் நுனி, கம்பிச்சுருள்போல் இரண்டு சுற்றுச் சுற்றி உண்ணிக் குச்சியைப் பிடித்திருக்கிறது. காந்தளின் முதல் அடையாளமே அதுதான். அதன் தண்டு எதையும் சுற்றி ஏறாது, இலையின் நுனியே பற்றுக்கம்பியாக நீண்டு பிடித்துக்கொள்ளும். வள்ளிக் கொடியோ தண்டாலேயே சுற்றி ஏறும். அதன் இலையில் பற்றுக்கம்பி கிடையாது. அடையாளம் என் கையிலிருந்த படத்திலேயே இருந்திருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். காந்தள் இலைக்குக் காம்பு இல்லை, தண்டோடு ஒட்டியிருக்கும், நரம்புகள் மூங்கில் இலைபோல் ஒரே திசையில் ஓடும். ஒரே கொடியில் தனித்தனியாக, எதிரெதிராக, மூன்றாக என்று இலைகள் பலவிதமாக வரும், அது குழப்பும். வள்ளி வகைகளில் பெரும்பாலானவற்றின் இலை நீண்ட காம்போடு இதய வடிவில் இருக்கும். காம்பு சேரும் இடத்திலிருந்து ஐந்தாறு நரம்புகள் விரிந்து வளைந்து நுனிக்குப் போகும், இடையில் வலைபோல் சிறு நரம்புகள். சில வகைகளில் இலைக் கக்கத்தில் சின்ன உருண்டைக் காய்போல் காற்றுக் கிழங்குகள் தொங்கும். கைவிரல்போல் இலை பிரிந்த வள்ளியும் உண்டு, அதன் தண்டின் அடியில் முள் இருக்கும். கிழங்கை வெட்டினால் வள்ளியில் வழவழப்பான பசை வரும், தோலில் மயிர்போல் வேர்கள் நிறைய இருக்கும். காந்தள் கிழங்கு பெரும்பாலும் ஆங்கில வி எழுத்துப்போல் இரண்டாக நீண்டிருக்கும், முனை கூராகும். ஆனால் தோண்டும்போது அது உடைந்து ஒரு பாதி மட்டும் வந்தால் சின்ன வள்ளிக்கிழங்குபோலவே தெரியும். ஆகவே கிழங்கை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இலையும் பூவும் இல்லாத காலத்தில் முதன்முதலாகப் பார்க்கிற எதையும் தோண்டாதீர்கள். வள்ளி தோண்டுகிற பெரியவர்கள் மழைக்காலத்திலேயே பச்சைக் கொடியைப் பார்த்து இடத்தை மனதில் குறித்துவைத்துவிட்டு, வெயிலில் போய்த் தோண்டுகிறார்கள். அம்மாவும் அப்படித்தான் செய்திருக்க வேண்டும். நான் பார்த்தது அவர் தோண்டிய நாளை மட்டும்தான். இன்னும் ஒன்று, உண்மையான வள்ளியிலேயே சிலவற்றைத் தண்ணீர் மாற்றி மாற்றி அவித்தால்தான் சாப்பிட முடியும்.

அந்த வருடம் ஐப்பசி மழை விழுந்ததும் நான் அந்த உண்ணிப் புதரடிக்குப் போனேன். பெரியம்மா போகாதே என்று திட்டினார். எனக்கு அந்தச் செடியை முழுசாகப் பார்த்தே ஆக வேண்டும் என்றிருந்தது. தோண்டாமல் விட்ட பக்கத்தில் பச்சை முளை வந்திருந்தது. கிழமைக்கு ஒரு தடவை போய் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்தேன். இளம் இலையின் நுனி நேராக இருக்கும். ஒரு குச்சியில் பட்டதும் அடுத்த தடவை போகும்போது சுருண்டிருக்கும். கார்த்திகையில் மொட்டு, பச்சையாகத் தலைகுனிந்து. விரிந்ததும் ஆறு இதழும் பின்னால் மேல்நோக்கி வளைந்து, ஓரமெல்லாம் நெளிநெளியாக நின்றன. முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள், அப்புறம் நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, கடைசியில் முழுக்கச் சிவப்பு. அடியில் சூல்தண்டு மட்டும் ஒரு பக்கமாகச் செங்கோணத்தில் ஒடிந்ததுபோல் மடங்கியிருந்தது. வேறு எந்தப் பூவிலும் நான் அப்படிப் பார்த்ததில்லை. பள்ளியில் தமிழ் வாத்தியார் குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களை ஒப்பிக்க வைப்பார். கபிலர் தொடங்குவதே செங்காந்தளில்தான். அந்தப் பெயரை எத்தனையோ தடவை மூச்சு விடாமல் சொல்லியிருக்கிறேன். அந்தப் பூ எங்கள் ஓடைக்கரையில் நிற்கிறது என்று அப்போது யாராவது கூட்டிப்போய்க் காட்டியிருக்கலாமே என்று அந்தக் கொடியின் முன்னால் நின்று நினைத்தேன்.

இப்போது நான் செடி படிப்பது இப்படித்தான். ஒரு செடியை எடுத்தால் ஒரு வருடம் விடுவதில்லை: முளை, இலை, பூ, காய், காய்ந்த கோலம். ஒரு கொப்பியில் திகதி, இடம், வாசம், ஒடித்தால் பால் வருகிறதா என்று எழுதுகிறேன். முகர்ந்த பின்னும் தொட்ட பின்னும் கை கழுவுவேன், வாயில் வைத்துப் பார்க்க மாட்டேன். படம் எடுத்தால் ஒன்று போதாது. முழுச் செடி, இலையின் மேல்புறம், அடிப்புறம், இலை தண்டோடு சேரும் இடம், பூவின் முகம், பூவின் பக்கவாட்டு, காய் என்று ஏழு எட்டு எடுக்கிறேன். செயலியை நான் விட்டுவிடவில்லை. ஆனால் அது சொல்கிற பெயர் எனக்குத் தேடத் தொடங்குகிற இடம் மட்டும்தான். அதன் பேச்சைக் கேட்டு எதையும் அடுப்பில் வைக்க மாட்டேன். பெரியவர்களிடம் கேட்கும்போது இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்கிறேன். "இது வள்ளியா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். அதனால் "இது என்ன?" என்றுதான் கேட்பேன். மாதிரி காயவைக்கப் பழைய பேப்பருக்கு நடுவில் வைத்து மேலே கல்லை வைப்பேன். நம் ஊர் ஈரத்துக்கு ஒரு கிழமையாவது தினமும் பேப்பர் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். தேசியப் பூங்காவுக்குள், உதாரணத்துக்கு ஹோர்ட்டன் சமவெளியில், ஒரு இலையும் பறிக்கக் கூடாது. அங்கே படம் மட்டும்தான்.

காசு சேர்ந்தபோது ஹக்கலைத் தாவரவியல் தோட்டத்துக்கு ஒரு தடவையும் பேராதனைத் தோட்டத்துக்கு ஒரு தடவையும் போய்வந்தேன். பேராதனைத் தோட்டம் 1821இல் தொடங்கியது, ஹக்கலை 1861இல் சிங்கோனா வளர்க்க ஆரம்பித்தது. பூ பார்க்க ஆயிரம் பேர் வருகிறார்கள். நான் பெயர்ப்பலகை பார்க்கப் போனேன். பலகையில் செடியின் குடும்பப் பெயரும் இருக்கும். ஒரே குடும்பத்து மரங்கள் நாலைந்தைச் சேர்த்துப் பார்த்தால் கண் தானாகவே ஒற்றுமையைப் பிடிக்கத் தொடங்குகிறது. நமக்குப் பக்கத்திலேயே நிற்கிற உண்ணிச் செடி எங்கிருந்து வந்தது என்பதையும் அப்படித்தான் அறிந்தேன். அது நம் ஊர்ச் செடியே அல்ல, 1826இல் பேராதனைத் தோட்டம் வழியாக அழகுக்குக் கொண்டுவரப்பட்டதாம்.

கீரை பறிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வல்லாரை இலையில் காம்பு ஒரு பக்கத்து வெட்டில் சேரும். இலையின் நடுவயிற்றில் குடைபோல் காம்பு ஒட்டியிருந்தால் அது வல்லாரை அல்ல. நுவரெலியாப் பக்கம் ஓடையோரங்களில் வெள்ளையாக நீளமாகத் தொங்குகிற பூமரத்தைப் பிள்ளைகள் ஊதி விளையாடுகிறார்கள். அது ஊமத்தையின் சொந்தம். ஊமத்தைப் பூ மேலே பார்க்கும், காயில் முள் இருக்கும். இதன் பூ கீழே தொங்கும், காய் மழமழப்பு. இரண்டுமே நஞ்சு, கண் பாப்பா விரிந்து, வாய் வறண்டு, புத்தி தடுமாறும். தொட்ட கையைக் கண்ணில் வைக்க விடாதீர்கள். காந்தள் கிழங்கைச் சுத்தி செய்து மருந்தாக்கும் வைத்தியர்கள் உண்டு என்று சிலர் என்னிடம் வாதாடினார்கள். உண்டுதான், அது படித்தவர் கை. நம் அடுப்படி வேலை அல்ல.

எங்கள் லயத்தில் பத்துக் காம்பரா. பத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிப்போய் அந்தக் கொடியின் இலை நுனியைக் காட்டிவிட்டேன். பெரியம்மாவும் கூட வந்தார், கலப்பை எது என்று மண்ணில் கீறிக் காட்டினார். ஏர் பிடித்து உழுவதை அந்தப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. மேல் லயத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் காட்டவில்லை. கொடி காய்வதற்குள், தை பிறக்கும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும்.